குளிரும் என்று சொல்லி ஊற்றியவர்

நோயாளிக்குக் கஷாயம் கொடுக்கிறவர்கள் "கசக்காது, குடிங்க" என்றுதான் சொல்வார்கள். என் மதினி "கசக்கும். ஒரே மடக்குல குடிச்சிருங்க" என்பார். தலையில் தண்ணீர் ஊற்றும் முன் "குளிரும் அப்பா" என்பார். முழங்கைப் புண்ணில் மருந்து வைக்கும்போது, "இப்ப எரியும். பத்து எண்ணுற வரைக்கும் எரியும். எண்ணுவோமா?" என்பார். அப்பாவும் மகளுமாக எண்ணுவார்கள். ஏழுக்குப் பிறகு அப்பாவுக்கு எண் மறந்துவிடும். மீதியை மதினி எண்ணி முடிப்பார்.

மதினி என் கணவரின் அக்கா. நான் கல்யாணமாகிப் புசல்லாவையிலிருந்து கண்டிக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருடமோ முப்பத்திரண்டாம் வருடமோ. எனக்குப் பத்தொன்பது வயது. கட்டுகஸ்தோட்டை வீதியில் வாடகை வீடு. வீட்டுக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் மாத்தளைக்குப் போகும் ரயில் பாதை. வீட்டில் இருந்தது நான்கு பேர்: என் கணவர், நான், மதினி, மாமா. மாமா என்றால் என் கணவரின் தகப்பனார். டவுனில் சாக்குக் கடை வைத்து நடத்தியவர். நான் வரும்போதே அவருக்கு ஞாபகம் பிசகிவிட்டிருந்தது. கடையை என் கணவர் பார்த்துக்கொண்டார். மாமாவை மதினி பார்த்துக்கொண்டார்.

நான் வந்த மறுநாள் ரசம் வைத்தேன். என் கணவர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மதினி ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு கூட. அவன் சொல்ல மாட்டான், புதுப் பொண்டாட்டி. நான் சொல்லிட்டேன். நாளைக்குக் கொறச்சுப் போடு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்தும் அவர் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு கை சோறு போட்டுக்கொண்டு, அந்த ரசத்தை ஊற்றிப் பிசைந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

இதை முதலில் கடுமை என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தது நான் மட்டும் இல்லை.

மாதம் ஒரு முறை ஓர் அப்போதிக்கரி ஐயா, அரை டாக்டர் மாதிரி, வந்து மாமாவைப் பார்ப்பார். யாழ்ப்பாணத்துக்காரர், சாதுவான மனிதர். நாடி பார்த்துவிட்டு, "வயசு போனால் இப்பிடித்தான் பிள்ளை. கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுகப்படும்" என்பார். ஒரு தடவை மதினி அவரை வாசலில் மறித்துக்கொண்டார்.

"சுகமாகுமா ஐயா? ஆகாதுன்னா சொல்லிருங்க. நான் அதுக்குத் தக்கன ஏற்பாடு பண்ணணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுகப்படாது பிள்ளை" என்றார். பிறகு, இனி என்னென்ன நடக்கும் என்று சொல்லத் தொடங்கினார். சாப்பிட்டது மறந்துபோகும். கொல்லைப்புறம் போகும் வழி மறந்துபோகும். படுக்கை நனையும். தெரியாத ஊருக்கு வழி கேட்கிறவரைப் போல மதினி ஒவ்வொன்றையும் நின்று கேட்டார். அந்த வாரமே எண்ணெய்ச் சீலை வாங்கிப் படுக்கைக்கு விரித்தார். பழைய சேலைகளைக் கிழித்து, துவைத்து, அடுக்கி வைத்தார். அவையெல்லாம் தேவைப்பட்டது நாலு மாதம் கழித்து. தேவைப்பட்ட அன்று வீட்டில் பதறியது நானும் என் கணவரும்தான்.

ஆனால் அக்கம்பக்கம் அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று சொன்னதற்குக் காரணம் வேறு.

என் கணவருக்கு அண்ணன் ஒருவர் இருந்தார். வாரம் ஒரு நாள் அதே ரயில் பாதையில் வத்தேகமைக்குப் போய், அங்கே கடைகளிலும் தோட்டங்களிலும் பழைய சாக்கு எடுத்துக்கொண்டு, பின்னேரம் நாலு மணி வண்டியில் திரும்புவாராம். அவர் ஒரு முறை திருவிழாவுக்கென்று இந்தியாவுக்குப் போனார். போன இடத்தில் பேதி கண்டு மூன்றே நாளில் இறந்துபோனார். கடுதாசிதான் வந்தது. அப்போது மாமா நல்ல நினைவோடு இருந்தார். அழுதார், காரியங்களைச் செய்தார், கடையைத் திறந்தார். இரண்டு வருடம் கழித்துத்தான் மறதி வந்தது. முதலில் குடையை மறந்தார். பிறகு கடைக்குப் போகும் பாதையை மறந்தார். பிறகு மகன் இறந்ததை மறந்தார்.

பின்னேரம் சரிவில் வண்டி ஊதும் சத்தம் கேட்டால் மாமா கதிரையிலிருந்து எழுந்துவிடுவார்.

"பெரியவன் இன்னும் வரலையா?"

மதினி கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, அவர் முன்னால் போய் உட்காருவார். "அப்பா, அண்ணன் செத்துப் போயிட்டாரு" என்பார்.

நான் அதை முதல் தடவை பார்த்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. மாமாவின் முகம் ஒரு கணம் ஒன்றும் புரியாமல் இருந்தது. பிறகு வாய் கோணி, தரையில் சரிந்து உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். இப்போதுதான் கடுதாசி வந்ததுபோல அழுதார். மதினி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். அரை மணி நேரத்தில் அழுகை அடங்கியது. எதற்கு அழுதோம் என்பதும் மறந்தது. "ஏன் என் மூஞ்சி ஈரமா இருக்கு?" என்று கேட்டார். "அழுதீங்க அப்பா" என்று சொல்லித் துடைத்துவிட்டார் மதினி.

இது தினமும் இல்லை. வாரத்தில் நாலு நாள் நடக்கும்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாவை நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். அவர் வேலிக்கு மேலாகவே சண்டை பிடிப்பார்: "என்னத்துக்கு புள்ள வாப்பாட்ட இப்பிடிச் செல்ற? வருவாருன்னு ஒரு சொல் செல்லிட்டா அல்லா கோவிப்பானா?"

"நாளைக்கும் வருவாருன்னு சொல்லணுமே ராத்தா. அதுக்கு மறுநாளும் சொல்லணும். காத்துக்கிட்டே கெடப்பாரு."

"கெடக்கட்டுமே. அழாம கெடப்பார் தானே."

மதினி அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். அன்று மாமாவின் வேட்டியைத் துவைத்துப் பிழியும்போது என்னிடம் தாமாகவே சொன்னார். அவரைத் தெல்தெனியவில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி ஏழாம் வருடம் தாய் படுக்கையில் விழ, பார்க்கக் கண்டிக்கு வந்தார். வந்த இடத்தில் தாய்க்கு முடியாமல் போய்த் தங்கிவிட்டார். அந்த நேரத்தில் தெல்தெனியவில் அவர் புருசனுக்கு நெருப்புக் காய்ச்சல். தாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளை ஏன் பதற வைப்பது என்று, புருசன் வீட்டார் ஆள் மேல் ஆளாகச் சொல்லியனுப்பினார்கள்: லேசான காய்ச்சல்தான். இப்போது தேவலை. கஞ்சி குடித்தார். எழுந்து நடந்தார்.

"ஒம்பது நாள் புள்ள. நானும் நம்பி இங்க எங்கம்மாவுக்கு வெந்நி வச்சுக்கிட்டு இருந்தேன். போய் எறங்குனப்ப சாம்பலையும் கரைச்சிட்டாங்க. யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லல. என் மேல எரக்கப்பட்டுத்தான் சொன்னாங்க." வேட்டியை உதறிக் கொடியில் போட்டார். "நான் அப்பாவுக்குச் செய்றது சரின்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. ஆனா அந்தப் பொய் என் வாயில வரமாட்டேங்குது."

நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. என் வயிற்றில் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது. மாமா நெஞ்சில் அடித்துக்கொள்ளும் ஒவ்வொரு அடியும் என் அடிவயிற்றில் இறங்குவதுபோல இருந்தது. ஒருநாள் மதினி கிணற்றடியில் இருந்த நேரம் வண்டி ஊதியது. மாமா எழுந்தார். "பெரியவன் வரலையா?"

"வத்தேகமைக்குப் போயிருக்காரு மாமா. வந்துருவாரு" என்றேன்.

"சரி சரி" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, அழவில்லை. ஒரு பிஸ்கற்றைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டார். எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

அன்றிலிருந்து மதினி அருகில் இல்லாத போதெல்லாம் நான் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல விவரம் கூடியது. நூறு சாக்கு எடுத்திருக்கிறாராம். வரும்போது மீன் குழம்புக்குக் கொறுக்காய்ப்புளி வாங்கி வருவாராம். நாலு மணி வண்டிக்கு நிச்சயம் வந்துவிடுவாராம். மாமா "நல்ல புள்ள, நல்ல புள்ள" என்று என் தலையைத் தடவினார். மதினியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் எதிர்பார்க்காத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. மகன் வருகிறான் என்று நான் சொல்வதும், செத்துவிட்டான் என்று மதினி சொல்வதும் அவருடைய குழம்பிய தலைக்குள் ஒன்றோடொன்று முட்டின. கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். உயிரோடு இருக்கும் மகனை இந்தப் பொம்பளைதான் ஏதோ செய்துவிட்டாள். ஒருநாள் மதினி கஞ்சி ஊட்டக் குனிந்தபோது, "கொலைகாரி, எம் மகன என்னடி செஞ்ச?" என்று வெண்கலச் செம்பால் அடித்தார். புருவத்துக்கு மேல் தோல் பிளந்தது. மதினி சேலைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டு, மறு கையால் சிந்திய கஞ்சியைத் துடைத்தார்.

என் கணவர் வந்து பார்த்துவிட்டு, அக்காவின் காயத்துக்கு மருந்து போட்டார். ஆனால் கோபப்பட்டதும் அக்காவிடம்தான். "வாயை அடக்குன்னா அடக்க மாட்டே. நல்லா இருந்த மனுசன நீதான் பைத்தியம் ஆக்குறே. இப்படியே செஞ்சா நீ தெல்தெனியவுக்கே போயிரு. அப்பாவ நாங்க பாத்துக்கிறோம்."

தெல்தெனியவில் மதினிக்கு யாரும் இல்லை. அது என் கணவருக்கும் தெரியும். மதினி என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

ஐப்பசி மழைக் காலம். எனக்கு ஆறாம் மாதம். மதினி மாமாவின் மருந்துக்காக டவுனுக்குப் போயிருந்தார். மத்தியானம் மாமா வழக்கத்துக்கு முன்பாகவே கேட்கத் தொடங்கினார். "நாலு மணி வண்டிக்கு வர்றாரு மாமா, வத்தேகமையில ஏறியிருப்பாரு" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். கண் அசந்துவிட்டது. விழித்தபோது கதிரை காலியாக இருந்தது. ஆணியில் அவருடைய கறுப்புக் கோட்டு இல்லை. பின் கதவு திறந்து கிடந்தது.

நான் கொல்லைக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்த போது மதினி வந்துவிட்டார்.

"எங்க அப்பா?"

"காணோம் மதினி."

"எங்க போறேன்னு ஏதாச்சும் சொன்னாரா? யாரையாவது கேட்டாரா?"

எனக்குத் தெரியும். பின் கதவையும் கோட்டையும் பார்த்த உடனேயே தெரியும். ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். "தெரியாது மதினி" என்றேன்.

அவர் மருந்துப் போத்தலை என் கையில் கொடுத்துவிட்டு, கடைக்குத்தான் போயிருப்பார் என்று டவுனை நோக்கி ஓடினார். வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா, "யா அல்லா, வாப்பாவக் காணமா?" என்று சந்துகளில் தேடப் போனார். நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை தூறத் தொடங்கியது. மதினி திரும்பி வந்தது அரை மணி நேரம் கழித்து. முட்டிவரை சேறு. பேச மூச்சு இல்லை.

"கடையில இல்ல. தம்பி கோயில் பக்கமா தேடிப் போயிருக்கான்."

அப்போதுதான் சொன்னேன். "மதினி, அவரு வத்தேகமைப் பக்கமாத்தான் போயிருப்பாரு. தண்டவாளத்து மேல. பெரியவரக் கூட்டியார."

மதினி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் என் முகத்திலேயே படித்துவிட்டார் என்று நினைக்கிறேன். "வா" என்றார். தெருவில் போன ரிக்‌ஷாவைக் கைதட்டி நிறுத்தி என்னை ஏற்றினார். தாம் ஏறவில்லை. வண்டிக்காரரோடு சமமாக ஓடி வந்தார்.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலி ஆற்றைத் தாண்ட ரயிலுக்குத் தனி இரும்புப் பாலம் உண்டு. ஆற்றங்கரையில் இறங்கியதுமே பார்த்துவிட்டோம். பாலத்தின் நடுப்பகுதியில் கறுப்புக் கோட்டு. ஒரு கையால் பக்கத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கரையைப் பார்த்தபடி மாமா நின்றிருந்தார். கீழே மழைக் காலத்து ஆறு சேற்று நிறத்தில் இரைந்துகொண்டு போனது.

பாலத்தின் முனையில் தண்டவாள வேலைக்காரர் ஒருவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். "ஒங்க ஆளா? நான் கிட்டப் போனா பின்னால பின்னால போறாரு. விழுந்துருவாருன்னு வந்துட்டேன். வண்டி வந்து அந்தப் பக்கம் ஸ்டேசன்ல நிக்குதுங்க. நிறுத்தச் சொல்லி அவங்களக் கத்திப் பாத்தேன், ஆத்துச் சத்தத்துல கேக்கல" என்றார்.

மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாலத்தில் ஏறினார். தண்டவாளத்துக் கட்டைக்குக் கட்டை இடைவெளி. அதற்குக் கீழே தண்ணீர். நானும் வேலைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து கட்டை தூரம் போனேன். மாமா திரும்பினார். மதினியைக் கண்டதும் கத்தினார்:

"வராதே! கொலைகாரி, கிட்ட வராதே!"

ஓர் அடி பின்னால் வைத்தார். செருப்பு கட்டையின் ஓரத்தில் வழுக்கியது. மதினி அப்படியே நின்றுவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ கூப்பிடு. உன்னத்தான் அவருக்குப் பிடிக்கும்" என்றார்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதையே கூவினேன். "மாமா! அவரு வீட்டுக்கு வந்துட்டாரு மாமா! சாப்பிட உக்காந்திருக்காரு. வாங்க!"

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அலுப்பு இருந்தது.

"நீ எப்பவும் அப்படித்தான் சொல்றே" என்றார். "வர்றாரு வர்றாருங்கறே. வரக் காணோம்."

எதுவும் ஞாபகம் இல்லாத மனிதர். அதை மட்டும் எப்படி வைத்திருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தக் கரையில் இஞ்சின் ஒரு முறை ஊதியது. வேலைக்காரர் "அம்மா, அம்மா" என்று என் கையை இழுத்தார். மாமா இப்போது மதினியைப் பார்த்தார். சத்தம் தணிந்திருந்தது.

"ஏய். நீ சொல்லு. எம் மகன் இந்த வண்டியில வர்றானா?"

உண்மையைச் சொன்னால் மாமா வழக்கம்போல அந்த இடத்திலேயே சரிந்து உட்கார்ந்துவிடுவார். மதினிக்கும் அது தெரிந்திருக்கும்.

"வரல அப்பா. செத்துப் போயிட்டாரு."

"எப்ப?"

"அஞ்சு வருசமாச்சு."

மாமாவின் வாய் கோணியது. ஆனால் உட்காரவில்லை. இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "நான் அழுதேனா?" என்று கேட்டார்.

"அழுதீங்க அப்பா. ரொம்ப அழுதீங்க."

"காரியமெல்லாம் செஞ்சோமா?"

"ஒண்ணு விடாமச் செஞ்சீங்க. கருமாதிக்கு நீங்களே போய் அரிசி வாங்குனீங்க. நான்தான் சமைச்சேன்."

"நீ சமைச்சியா?"

"நான்தான். இப்ப வண்டி வருது அப்பா. இங்க நின்னா நம்ம ரெண்டு பேரையும் அடிச்சிரும். கையக் குடுங்க."

கையை நீட்டினார். மதினி அந்தக் கையைப் பிடித்துத் தம் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டையாக, "இங்க வைங்க. இது வழுக்கும். இப்ப இங்க" என்று சொல்லிச் சொல்லிக் கூட்டி வந்தார். பாலத்தின் இரும்பு அதிரத் தொடங்கியிருந்தது. அவர்கள் அவசரப்படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அவசரப்பட முடியாது. வேலைக்காரர் முன்னால் பாய்ந்து மாமாவை அக்குளில் தூக்கிப் பக்கத்து மண்மேட்டில் இறக்கினார். நாங்கள் விழுந்தும் எழுந்தும் ஒதுங்கினோம். வண்டி எங்களைக் கடந்து போனது. ஜன்னல்களில் முகங்கள் இருந்தன. மாமா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு மண்ணில் உட்கார்ந்து அழுதார். மழை கொட்டியது.

விளக்கு வைக்கும் நேரத்தில் என் கணவர் வீட்டுக்கு ஓடி வந்தார். மாமா பாலத்தில் நின்றதை ராத்தா சொல்லியிருந்தார். மாமாவைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு அவருகிட்ட என்ன சொன்னே?"

"அண்ணன் செத்துட்டாருன்னு சொன்னேன்" என்றார் மதினி.

"பாத்தியா! சொல்லிச் சொல்லியே அவர ஆத்துல தள்ளப் பாத்திருக்கே. போதும். நாளைக்கே துணிமணியக் கட்டு."

மதினி மாமாவின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. மேற்கொண்டு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் என்னைக் காப்பாற்ற நினைத்தாரா, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தாரா, எனக்குத் தெரியாது. ஏன் மாமா பாலத்துக்குப் போனார் என்று என் கணவர் கேட்டிருந்தால் மதினி சொல்லியிருப்பார். அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் விஷயம் முடிந்துவிடும். மறுநாள் மதினி ஒரு மூட்டையோடு தெருவில் நிற்பார்.

"அவர வத்தேகமைப் பக்கம் அனுப்புனது நான்தாங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மாதமாகச் சொன்னதை, நூறு சாக்கை, கொறுக்காய்ப்புளியை. மதினி கேட்டபோது தெரியாது என்று சொன்னதையும், அரை மணி நேரம் அவரைத் தவறான திசையில் ஓட விட்டதையும் சொன்னேன். என் கணவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். துணிமணிப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

மாமா தூங்கியதும் மதினி என்னிடம் வந்தார்.

"அப்பாகிட்ட நீ சொன்னது எனக்குப் புரியுது. அழுகையப் பாக்க முடியாம சொல்லியிருக்கே. என்கிட்ட தெரியாதுன்னு சொன்னியே, அது மனசு ஆற நாளாகும்."

நாளானது. பேசினார், வேலை சொன்னார், என் பிரசவத்துக்கு இரண்டு நாள் கண் மூடாமல் கூட இருந்தார். மருத்துவிச்சி "பயமில்ல, வலிக்காது" என்றபோது, "வலிக்கும் புள்ள, உசுரு போற மாதிரி வலிக்கும், ஆனா போகாது" என்று என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் மாமாவை என்னிடம் விட்டுவிட்டு வாசலைத் தாண்டவில்லை. மகள் பிறந்து நாற்பது நாளுக்குப் பிறகு ஒரு காலையில், "கோயிலுக்குப் போயிட்டு வர்றேன். அப்பாவப் பாத்துக்க" என்று குடையை எடுத்தார். அவர் தெரு முனையைத் தாண்டும் வரை நான் வாசலிலேயே நின்றேன்.

மாமா மகனைக் கேட்பதை விடவில்லை. ஆனால் பாலத்துக்குப் பிறகு மதினி பதிலை நீட்டிச் சொன்னார். செத்துப் போயிட்டாரு அப்பா, நீங்க அழுதீங்க, காரியமெல்லாம் செஞ்சீங்க. மாமா அழுவார், ஆனால் நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்று அவருக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்துவிடும். நானும் அதையே சொல்லப் பழகினேன். ராத்தாவும் வேலிச் சண்டையை நிறுத்திவிட்டு, நோன்புக் காலத்தில் மாமாவுக்கென்று ஒரு கிண்ணம் கஞ்சி தனியாக அனுப்பினார்.

பிறகு மாமா மகனை முழுவதுமாக மறந்தார். அதற்குப் பிறகு என்னை மறந்தார், என் கணவரை மறந்தார். கடைசியில் மதினியை மறந்தார்.

"யாரு நீ?"

"உங்க மக அப்பா."

"எனக்கு மக கெடையாது. யாரை ஏமாத்தப் பாக்குறே?"

வாழ்நாளில் ஒருவரையும் ஏமாற்றாதவரைப் பார்த்து அவர் அப்படிக் கேட்டார். ஒரு வாரம் இதே கேள்வி, இதே பதில், இதே கோபம். மகள் என்று சொன்னால் கஞ்சியைத் துப்பினார். உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. எலும்பும் தோலும்தான். "மதினி, வேற ஏதாச்சும் சொல்லிருங்க. ஒரு வாய் சாப்பிடட்டும்" என்று நானே கெஞ்சினேன். "வேற என்ன இருக்கு சொல்ல?" என்று கேட்டுவிட்டு, கொல்லையில் போய் நெடுநேரம் நின்றார்.

மாமா இறந்தது அதற்கு ஐந்து வாரம் கழித்து, ஒரு காலை நேரத்தில், மதினி மடியில். மதினி பின்னர் எங்களோடேயே பல வருடம் இருந்தார். என் பிள்ளைகளுக்கு அவர் சொன்ன கசப்பான வார்த்தைகளைத் தனியாகவே எழுதலாம். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, அவர் கொல்லையில் நின்ற நாளுக்கு மறுநாள்தான்.

வெயில் வந்திருந்தது. மாமாவை முற்றத்தில் கதிரையில் உட்கார வைத்து மதினி முகம் மழித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வெந்நீர்க் கிண்ணத்தோடு நின்றேன். மாமா அவர் கையைத் தடுத்தார்.

"யாரு நீ?"

மதினி சவரக் கத்தியைத் துடைத்தார்.

"உங்களப் பாத்துக்கிற பொம்பள" என்றார்.

மாமாவின் முகம் இளகியது. கன்னத்தை அவரே திருப்பிக் காட்டினார். மதினி மழிப்பைத் தொடர்ந்தார்.

"ஒனக்கு அப்பா இருக்காரா?"

"இருக்காரு."

"நீ இங்க வந்துட்டா அவர யாரு பாப்பா?"

"நான்தான் பாத்துக்கிறேன்."

"அங்கயும் நீ, இங்கயும் நீயா?" சோப்பு நுரையோடு அவரை நிமிர்ந்து பார்த்தார். "கஷ்டமா இல்ல?"

"கஷ்டந்தான்" என்றார் மதினி.

மாமா மதினியின் பெரிய கையை எடுத்துத் தம் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். "அவருகிட்டச் சொல்லு தாயி. மக கஷ்டப்படுறத அப்பன்காரன் தெரிஞ்சுக்கிடணும்."

"சொல்லிட்டேன்" என்றார் மதினி.